5 வெள்ளி 40 சென்னுக்கு நான் பட்ட பாடு

துணி மெஷினில் தண்ணீர் தள்ளும் பம்ப் போன வாரம் போய்விட்டது. 180 வெள்ளி. பழுது பார்க்க வந்த தம்பி ஓஸ் ஏறிப் போகும் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இத என்ன தோட்டத்து மோட்டார்னு நெனச்சீங்களா?" என்றான். மெஷின் துப்பும் தண்ணீரைப் பிடித்து வாழைக்கு விட, நீலத் தோம்பை, அதாவது பீப்பாயை, திண்டின் மேல் ஏற்றி வைத்திருந்தேன். அப்போதுதான் தண்ணீர் தானாக இறங்கி வாழைக்குப் போகும். ஒரு மீட்டருக்கு மேல் ஓஸைத் தூக்காதே என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். யார் படித்தது?

சிலாங்கூர் ஆறு எங்கள் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம்தான் ஓடுகிறது. (2007லேயே ஊர்ப்பெயர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, வாய் இன்னும் பழகவில்லை.) 2020 செப்டம்பரில் ஆற்றில் நாற்றம் கண்டு சுத்திகரிப்பு ஆலைகளை மூடினார்களே, குழாய் காய்ந்த அந்த வாரம் பிறந்த ஞானம் இது.

முதல் வருஷம் சவுக்காரத் தூள் கரைந்த தண்ணீரை அப்படியே விட்டேன். வீட்டுக்காரியின் கருவேப்பிலை மஞ்சளித்தது, நரம்பு மட்டும் பச்சை. தூளில் சோடியம் உப்பு அதிகம். எங்கள் களிமண்ணில் அது சேரச் சேர மேலே ஓடு கட்டி, தண்ணீர் உள்ளே இறங்காது. காரம் ஏறிய மண்ணிலிருந்து செடியால் இரும்புச்சத்தை எடுக்கவும் முடியாது. அந்தக் கருவேப்பிலைக்காக நான் வாங்கிய பேச்சு தனிக் கணக்கு.

அப்புறம் திரவச் சவுக்காரத்துக்கு மாறினேன். முதல் அழுக்குத் தண்ணீர் சாக்கடைக்கு, அலசிய தண்ணீர் மட்டும் தோம்புக்கு, அதுவும் அன்றைக்கே காலி. ஒரு நாள் தாண்டினால் பிண நாற்றம், மூடி திறந்திருந்தால் கொசுப்புழு. பையனின் வெள்ளைப் பள்ளிச் சட்டைக்கு பிளீச் போடும் ஞாயிற்றுக்கிழமை ஒரு சொட்டும் தோம்புக்குக் கிடையாது. கீரைப் பாத்திக்கு என்றைக்குமே கிடையாது.

இதெல்லாம் பரவாயில்லை. எரிச்சல் எதில் என்றால், முதல் தண்ணீர் எப்போது முடியும் என்று மெஷின் பக்கத்திலேயே காவல் இருந்து ஓஸை மாற்ற வேண்டும். ஐந்து வருஷமாக அதன் உறுமலுக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். பாதிப் பசியாறலில் எழுந்து ஓடியிருக்கிறேன். கோயில் திருவிழாவுக்குக் கிளம்பி நின்ற வேட்டியோடு ஓடி வழுக்கியிருக்கிறேன்.

பம்ப் போன ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு துவைப்புக்கு 40 லிட்டர், வாரம் நான்கு முறை. வருஷத்துக்கு எட்டு கன மீட்டர் சொச்சம். 2024 பிப்ரவரியில் தண்ணீர்க் கட்டணத்தைக் கூட்டியபோதுகூட முதல் 20 கன மீட்டர் வரை ஒரு கன மீட்டருக்கு 65 சென்தான் ஆனது. அந்தக் கட்டணத்தில் வருஷத்துக்கு மிச்சம் 5 வெள்ளி 40 சென். பம்ப் காசு திரும்பி வர 33 வருஷம்.

வாழையைப் பற்றி மட்டும் பொய் சொல்ல மாட்டேன். குழாய் காய்ந்த நாட்களிலும் பெராங்கான் வாழை குலை தள்ளியது. தாரை வெட்டித் தோளில் வைத்தபோது, அப்பா லயத்து வீட்டுக் கொல்லையில் நின்ற மாதிரியே இருந்தது.

பக்கத்து வீட்டு மச்சான் நேற்று வந்து, தானும் செய்யலாமா என்று கேட்டான். வேண்டாம்டா, பைப்பைத் திறந்து ஊத்து என்றேன். அப்படியென்றால் தோம்பை எனக்குக் கொடு என்றான். அதை மட்டும் கேட்காதே என்றேன். இப்போது திண்டை இடித்துக்கொண்டிருக்கிறேன். தோம்பு தரையில் நின்றால் பம்ப் தாங்கும். வாழைக்கு வாளியில் தூக்கிக்கொள்ளலாம்.