சீர் கொடுப்பதா, நேரம் கொடுப்பதா?

ஊர் அரசுப் பள்ளிக்கு உதவ நினைக்கும் கடைக்காரருக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, கல்விச் சீர். தாம்பாளம், மேளதாளத்தோடு பீரோ, நாற்காலி, நோட்டுகளை ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் பள்ளிக்குக் கொடுப்பது. தாய்மாமன் சீருக்குரிய மரியாதை பள்ளிக்கும் கிடைப்பதைப் பார்க்கவே நெஞ்சு நிறைகிறது. பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்புபவர்கூட அன்று உள்ளே வந்து பார்ப்பார். ஆனால் தலைமையாசிரியரைக் கேட்காமல் வாங்கினால், ஏற்கெனவே இருக்கும் பொருளே மறுபடி வந்து சேரும். மின்விசிறி பழுதானால் யார் பார்ப்பது?

மற்றொன்று, உழைப்பும் நேரமும். எலக்ட்ரீஷியன் மாதம் ஒருமுறை ஒயரிங்கைச் சரிபார்க்கலாம். தையல்கடை அக்கா அளவு சேராத சீருடையைத் திருத்தித் தரலாம். பேங்க் ஊழியர் செலான் நிரப்பக் கற்றுத்தரலாம். இதற்குப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் பேசுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோரே. குறை எங்கே என்று அவர்களுக்குத் தெரியும்.

கழிப்பறையோ சுற்றுச்சுவரோ இல்லையென்றால் பணம்தான் முதலில் வேண்டும்; 2022-இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாகக் கொடுக்கலாம். மற்றபடி, சிறுகடை வைத்திருப்பவருக்கு நான் சொல்வது இரண்டாவது வழியைத்தான்.