செய்தியில் அடிபடும் பிரச்சினைகள் வழியே ஆங்கிலச் சொற்கள்: சில வருட அனுபவம்

திருப்பூரில் ஒரு ஆடை ஏற்றுமதி நிறுவனத்தின் கம்ப்ளையன்ஸ் பிரிவில் எனக்கு வேலை; தொழிலாளர், பாதுகாப்பு விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் பிரிவு. பள்ளி முழுக்கத் தமிழ் வழி, கல்லூரியில் பெயருக்கு ஆங்கில வழி. பையர், அதாவது எங்களிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், அனுப்பும் மெயிலைப் படித்தால் விஷயம் பிடிபட்டுவிடும். பதில் எழுத உட்கார்ந்தால் சொல் வராது. இதே நிலையில் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகாமல், இலக்கணப் புத்தகமும் வாங்காமல், சமூகப் பிரச்சினைகள் பற்றிய செய்திகளையும் கட்டுரைகளையும் மட்டும் படித்துச் சொல்வளத்தைக் கூட்டிக்கொள்ள முடியுமா என்று பார்க்க ஆரம்பித்தேன். சில வருடங்கள் ஓடிவிட்டன, இன்னும் விடவில்லை. எது வேலைக்கு ஆகிறது, எது ஆகவில்லை என்று இப்போது ஓரளவு சொல்ல முடியும்.

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் யாரைக் கேட்டாலும் ஒரே யோசனைதான் வரும்: தினமும் ‘தி இந்து’ தலையங்கம் படி, தெரியாத பத்துச் சொல்லை நோட்டில் எழுது. ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஓரளவு தேறியவர்களுக்கு இது சரி. ஆரம்பத்தில் இருப்பவர்களுக்குச் சரிப்படாது என்பது என் கருத்து. திங்கட்கிழமைத் தலையங்கம் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் பற்றி இருக்கும், செவ்வாய்க்கிழமை மேற்கு ஆசியா, புதன்கிழமை உர மானியம். திங்கட்கிழமை எழுதிவைத்த சொல் அந்த வாரத்தில் மறுபடி கண்ணில் படவே படாது. பால் நேஷன் என்ற நியூசிலாந்து மொழியியலாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், துணையில்லாமல் ஆங்கில நாளிதழைப் படித்துப் புரிந்துகொள்ள 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்கிறார். ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். பத்துப் பத்தாகப் பொறுக்கி, மறந்தது போக மிச்சத்தை வைத்து, அந்தக் கணக்கை எப்போது எட்டுவது?

நான் பிடித்துக்கொண்ட வழி வேறு. ஒரு பிரச்சினையை எடுத்தால் பல மாதம் அதிலேயே இருப்பது. அது சம்பந்தமான செய்தி, பேட்டி, தீர்ப்பின் சுருக்கம், எதிர்க்கருத்து எல்லாவற்றையும் படிப்பது, அதற்கு வெளியே போகாமல் இருப்பது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1981லேயே குறுகிய வட்டத்தில் நிறையப் படியுங்கள் என்று எழுதியிருக்கிறார். ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றிப் படித்தால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும், பின்னணி ஏற்கெனவே தெரிவதால் படிப்பதும் சுலபம் என்பது அவர் வாதம். நான் சேர்த்துக்கொண்டது ஒன்றுதான்: பிரச்சினையை அது நடந்த நாளிலிருந்து ஆரம்பித்து, கால வரிசைப்படி முன்னோக்கிப் படிப்பது.

நான் எடுத்த முதல் பிரச்சினை ராணா பிளாசா. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவரில், ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த அந்த எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். முதல் நாளே கட்டடத்தில் விரிசல் விட்டிருந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. கார்மெண்ட்ஸ் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு உள்ளே அனுப்பினார்கள்.

அந்த முதல் நாள், இரண்டாம் நாள் செய்திகளை எடுத்துப் பாருங்கள். கிராக் (விரிசல்), கொலாப்ஸ் (இடிந்து விழுதல்), ரபிள் (இடிபாடு), டிராப்டு (சிக்கியவர்), சர்வைவர் (உயிர் தப்பியவர்), டெத் டோல் (பலி எண்ணிக்கை). எல்லாம் கண்ணால் பார்க்கக்கூடிய விஷயங்களின் பெயர்கள். படத்தைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். சில வாரம் தள்ளிப் போனால் நெக்லிஜன்ஸ் (அலட்சியம்), இவாக்குவேட் (வெளியேற்று), காம்பன்சேஷன் (இழப்பீடு), லயபிள் (பொறுப்பாளி) என்று யார்மேல் தப்பு என்ற பேச்சு தொடங்குகிறது. அந்த ஆண்டு மே மாதம் சர்வதேச பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து தீ, கட்டடப் பாதுகாப்புக்காக ‘அக்கார்டு’ என்ற ஒப்பந்தம் போட்டார்கள். அதைப் பற்றிப் படித்தால் லீகலி பைண்டிங் (சட்டப்படி கட்டுப்படுத்துவது), சிக்னடரி (கையெழுத்திட்டவர்), இன்ஸ்பெக்‌ஷன் (சோதனை), ரெமடியேஷன் (குறைகளைச் சரிசெய்தல்). இன்னும் சில வருடம் தள்ளிப் போனால் பிரிட்டனின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டம், 2023இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் சப்ளை செயின் (விநியோகச் சங்கிலி) சட்டம், 2024இல் நிறைவேறிய அதே மாதிரியான ஐரோப்பிய ஒன்றிய உத்தரவு. அங்கே டியூ டிலிஜன்ஸ் (ஆபத்து இருக்கிறதா என்று முன்கூட்டியே கவனமாகப் பார்ப்பது), டிரான்ஸ்பரன்சி (வெளிப்படைத்தன்மை), அக்கவுண்டபிலிட்டி (பதில் சொல்லும் பொறுப்பு) என்று கையில் பிடிபடாத சொற்கள் வரிசை கட்டி நிற்கும். ஆனால் அந்த இடத்துக்கு வரும்போது அவை பிடிபடாத சொற்களாகவே இல்லை. விரிசலிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாக வந்ததால், டியூ டிலிஜன்ஸ் என்று ஒரு வரியில் பார்த்தால் அந்தக் கட்டடம்தான் மனதில் வருகிறது. பட்டியலில் மனப்பாடம் செய்த சொல்லுக்கு இந்தப் பிடிமானம் கிடைக்காது.

சொற்கள் தனியாக வருவதில்லை என்பது அடுத்த லாபம். நம் ஊர் ஆங்கிலத்தில் ‘கிவ் கம்ப்ளைண்ட்’ என்றே எல்லா இடத்திலும் வண்டி ஓடிவிடும். தொழிலாளர் பிரச்சினைகளைப் பற்றித் தொடர்ந்து படித்தால் கிரீவன்ஸ் (குறை) என்ற சொல் லாட்ஜ், ஃபைல் (பதிவு செய்), ரிட்ரெஸ் (தீர்த்துவை) என்ற வினைகளோடுதான் வருகிறது, கம்ப்ளை (இணங்கு) என்றால் பின்னால் வித் இருக்கிறது, லயபிள் என்றால் ஃபார் இருக்கிறது என்று கண்ணுக்குப் பழகிவிடுகிறது. யாரும் விதி சொல்லித் தரவில்லை. திண்டுக்கல் பக்கம் ஆடைத் தொழிலில் பெண் தொழிலாளர்கள்மீது நடக்கும் பாலியல் வன்முறையைத் தடுக்க 2022இல் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. உலக அளவில் அதைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே சொல்கிறார்கள். அதைப் பற்றிய கட்டுரைகளைப் படித்தபோது டாக்கா செய்திகளில் பழகிய சொற்கள் அப்படியே திரும்ப வந்தன. நம் பக்கத்து ஊர், தெரிந்த சூழல், ஏற்கெனவே தெரிந்த சொற்கள் என்று அமைந்ததால் அகராதியைத் தொடாமல் நான் முடித்த முதல் நீளமான ஆங்கிலக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

இனி கருவிகளுக்கு வருகிறேன்.

‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’வின் ஆங்கிலப் பாடங்கள் 1959இல் ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ என்ற பெயரில் தொடங்கியவை. ஏறக்குறைய 1,500 சொற்களுக்குள், சின்னச் சின்ன வாக்கியங்களில், நிதானமான வேகத்தில் உலகச் செய்தியைச் சொல்வார்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் நான் பார்க்கவில்லை. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் உத்தரவால் அந்த நிறுவனத்தின் பணிகளே முடங்கின. அதனால் பழைய பாடங்களைக் கிடைத்தவரை பயன்படுத்துங்கள், அதையே நம்பி இருக்காதீர்கள். அந்த இடத்தை நிரப்ப ‘நியூஸ் இன் லெவல்ஸ்’ என்ற இணையதளம் உதவும். ஒரே செய்தியை மூன்று நிலைகளில் எழுதித் தருகிறார்கள். முதல் நிலை கொஞ்சம் மழலைத்தனமாக இருக்கும், பரவாயில்லை.

பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ பலருக்கும் பிடித்தது, எனக்கும் பிடிக்கும். இரண்டு பேர் பேசுவார்கள், தொடக்கத்தில் ஒரு கேள்வி, மூன்று விடைகள், நடுவில் ஆறு சொற்கள், கடைசியில் சரியான விடை. எழுத்து வடிவமும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடுவதுதான் குறை. தனிமை, பிளாஸ்டிக், வீட்டு வாடகை என்று நல்ல தலைப்பாக எடுப்பார்கள், சூடு பிடிக்கும்போது விட்டுவிடுவார்கள். ஒரு பிரச்சினைக்குள் நுழையும் வாசலாக அதைக் கேட்டுவிட்டு, அப்புறம் வேறு இடத்தில் தொடர்வதுதான் என் வழக்கம்.

அகராதி என்றால் லாங்மேன். அதில் விளக்கங்களை எல்லாம் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதியிருப்பதால் ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்கப் போய் இன்னும் மூன்று சொல்லுக்குப் பொருள் தேடும் தொல்லை குறைவு. இப்படிக் குறைந்த சொற்களால் எல்லாவற்றையும் விளக்கும் முறைக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் மைக்கேல் வெஸ்ட். அவர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்தியவர், வங்காளப் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதியவர். ராணா பிளாசாவுக்காகத் தேடப்போன இடத்தில் மறுபடி டாக்கா வந்து நின்றது ஒரு வேடிக்கை.

சொற்களை அட்டைகளாகப் போட்டு நினைவில் வைக்க உதவும் ஆன்கி செயலி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. மறக்கப்போகும் சமயம் பார்த்துச் சொல்லை மறுபடி காட்டும். அதில் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருள் என்று அட்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை. ரிட்டாலியேஷன் என்பதற்குப் பழிவாங்கல் என்று எழுதிவைத்தால் சினிமா வில்லன்தான் நினைவுக்கு வருவான். புகார் கொடுத்த பெண்ணை வேறு லைனுக்கு மாற்றுவதும், ஓவர்டைம் தராமல் ஒதுக்குவதும் அந்தச் சொல்லுக்குள் வரும் என்பது செய்தியின் முழு வரியையும் அட்டையில் போட்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் காலியாக விட்டால்தான் மனதில் நிற்கிறது.

இரண்டாவதாக எடுத்தது செயலி வழி டெலிவரி, டாக்ஸி வேலை. இந்தப் பிரச்சினையின் சண்டையே பெயரில்தான் இருக்கிறது என்பதால் சொல் படிப்பவர்களுக்கு இது ஒரு புதையல். கம்பெனி பார்ட்னர் என்கிறது. தொழிற்சங்கம் ஒர்க்கர் என்கிறது. கலிஃபோர்னியாவில் 2020இல் மக்கள் வாக்கெடுப்பில் வென்ற சட்டம் இண்டிபெண்டன்ட் கான்ட்ராக்டர் (சுயேச்சையான ஒப்பந்தக்காரர்) என்கிறது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் வழக்கில், ஓட்டுநர்கள் ஒர்க்கர்கள்தான், அவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அந்த ஊர்ச் சட்டத்தில் எம்ப்ளாயி வேறு, ஒர்க்கர் வேறு, சுயதொழில் செய்பவர் வேறு. நாம் எம்ப்ளாயி, ஒர்க்கர் இரண்டையும் ஒன்றாகவே புழங்குகிறோம். இந்தியாவில் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் ஒர்க்கர் (வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர்), பிளாட்ஃபார்ம் ஒர்க்கர் (செயலி, இணையத்தளம் வழி வேலை செய்பவர்) இருவரையும் தனித்தனியாக வரையறுத்தது. ராஜஸ்தான் 2023இல் இவர்களுக்கென்றே சட்டம் கொண்டுவந்தது. 2020-21இல் 77 லட்சமாக இருந்த இந்தத் தொழிலாளர்கள் 2029-30இல் 2.35 கோடி ஆவார்கள் என்று நிதி ஆயோக் அறிக்கை கணித்திருக்கிறது. ஒரு கட்டுரையில் பார்ட்னர் என்று வருகிறதா, ஒர்க்கர் என்று வருகிறதா என்று பார்த்தே எழுதியவர் எந்தப் பக்கம் என்று இப்போது ஓரளவு ஊகிக்க முடிகிறது. படித்தவுடன் நமக்கும் ஒரு கட்சி வந்துவிடும். கட்சி வந்துவிட்டால் வாதாடத் தோன்றும், வாதாடச் சொல் வேண்டும். எனக்கு ஆங்கிலம் வேகமாக ஏறியது இந்தக் கட்டத்தில்தான்.

குறைகளும் உண்டு, சின்னக் குறைகள் இல்லை.

முதலாவது தலைப்பு ஆங்கிலம். மல்ஸ் (யோசிக்கிறது), ஸ்லாம்ஸ் (சாடுகிறது), நாட் (ஒப்புதல்), ப்ரோப் (விசாரணை), குவாஷ் (ரத்து செய்) என்று செய்தித்தாள் தலைப்பில் இடம் மிச்சம் பிடிக்கப் புழங்கும் சொற்கள் தினமும் கண்ணில் படுவதால் அவைதான் முதலில் ஒட்டிக்கொள்ளும். மனிதர்கள் அப்படிப் பேசுவதில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ‘மேனேஜ்மென்ட் மல்ஸ்’ என்று பையருக்கு எழுதிய மெயில் இன்றுவரை கேலிப் பொருள். தலைப்பில் நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் போடுவார்கள், நடக்கப்போவதை ‘டு’ போட்டு எழுதுவார்கள், ஆர்ட்டிக்கிளை விழுங்கிவிடுவார்கள். இலக்கணம் தலைப்பிலிருந்து வந்தால் கதை முடிந்தது. தலைப்பைத் தாண்டி உள்ளே இருக்கும் பத்திகளிலிருந்துதான் சொல் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, இந்த வழியில் கிடைக்கும் ஆங்கிலம் மேடை ஆங்கிலம். கலெக்டிவ் பார்கெயினிங் (தொழிலாளர்கள் கூட்டாகப் பேரம் பேசுவது) பற்றி நாலு வரி எழுத வருகிறது. குழாய் ஒழுகுகிறது, பால் தீர்ந்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரரைப் பொறுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்ல வரவில்லை. ரன் அவுட் ஆஃப், புட் அப் வித் மாதிரியான தொடர்கள் செய்தியில் அரிது. அதற்கு நாடகத் தொடரும் பேச்சும்தான் வழி. வெளிநாடு போவதற்கான ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வின் இரண்டாம் பகுதியில் 40 நிமிடத்தில் 250 சொல்லுக்குக் குறையாமல் எழுத வேண்டிய கட்டுரைக்கு இந்த முறை அச்சாகப் பொருந்தும். பேச்சுத் தேர்வின் முதல் பகுதியில் வீடு, ஊர், பொழுதுபோக்கு பற்றிக் கேட்பார்கள், அங்கே கை கொடுக்காது.

மூன்றாவது, மனச்சோர்வு. இரவு படுக்கப் போகுமுன் விபத்து, பலி, வன்முறை என்று படித்தால் தூக்கம் கெடும். நான் காலையில் பேருந்தில் படிப்பதற்கு மாற்றிக்கொண்டேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு ராணா பிளாசாவைக் கொடுக்காதீர்கள். குப்பை, குடிநீர், செல்போன் பழக்கம் என்று அவர்களுக்கு ஏற்றதாக எடுங்கள். தரமற்ற இணைய விஷயங்களை அளவுக்கு மீறிப் பார்த்து மூளை மழுங்குவதைக் குறிக்கும் ‘பிரெயின் ராட்’ என்பதை ஆக்ஸ்ஃபோர்டு 2024ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்ததை அக்காள் மகனிடம் சொன்னேன், போனைக் கீழே வைக்காமலே அதைப் பற்றி நிறையப் படித்துவிட்டான்.

பணச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. நேரம்தான் செலவு, பொறுமையும் வேண்டும். முதல் சில மாதம் ஒரே பிரச்சினையில் உழல்வது அலுப்பாக இருக்கும். அந்த நேரத்தில் பலரும் வேறு தலைப்புக்குத் தாவிவிடுவார்கள், சொற்கள் திரும்பி வரத் தொடங்குவது அதற்குக் கொஞ்சம் பின்னால்தான்.

இப்போது கையில் இருப்பது வெப்ப அலை. தமிழ்நாடு அரசு 2024இல் அதை மாநிலப் பேரிடராக அறிவித்தது, தையல் கூடத்தின் சூடு பற்றிப் பையர்களும் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். 2010 மே மாதம் அகமதாபாத்தில் அடித்த வெயில் பற்றிய செய்திகளிலிருந்து தொடங்கியிருக்கிறேன். அந்த நகரம் 2013இல் போட்ட வெப்பச் செயல்திட்டத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.