தூங்கும் பூனையும் ஒற்றைப் பட்டனும்: ரைட்டிங் பேட் அனுபவம்

போன வாரம், பிள்ளைகள் வரைந்து அழிக்கும் வீட்டு ரைட்டிங் பேடுக்கு பேட்டரி மாற்றினேன். அதே நேரம் பார்த்து கூட வேலை செய்யும் பெண், "அக்கா, விலை இறங்கியிருக்கே, பையனுக்கு அந்த எல்.சி.டி பேட் வாங்கலாமா?" என்று கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. திட்டுவதற்கு நிறைய சேர்ந்துவிட்டது.

எல்லோர் வீட்டிலும் இருக்கும் அதே 8.5 இன்ச் சரக்குதான். கறுப்புத் திரை, பிளாஸ்டிக் குச்சி, மேலே ஒரு பட்டன். 2010-இல் அமெரிக்காவின் கென்ட் டிஸ்ப்ளேஸ் நிறுவனம் பூகி போர்டு என்று கொண்டுவந்ததன் மலிவு வாரிசு. வரைவதற்கு மின்சாரமே வேண்டாம். குச்சி அழுத்தும் இடத்தில் திரவப் படிகம் நிலை மாறி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, கோடு தெரிகிறது. அழிக்கும்போதுதான் பேட்டரிக்கு வேலை. பேட்டரி இறங்கியது எனக்குத் தெரிந்ததே, அழித்த பூனை முழுதாகப் போகாமல் புதுப் பூனைக்குப் பின்னால் மங்கலாக நின்றதால்தான்.

எங்கள் பேடில் பூனையைத் தவிர வேறு எதுவும் அதிகம் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வரைய உட்காருவார்கள். மூன்றரை வயதிலிருந்து ஆறு வயது வரை கலந்த கூட்டம். சின்னவர்களுக்குத் தூங்கும் பூனை நல்ல பாடம். சுருண்டு படுத்த பூனைக்குக் கால் வரைய வேண்டாம், விழி வரைய வேண்டாம். பெரிய முந்திரிப்பருப்பு ஒன்று, அதன் குழிவில் ஒரு வட்டம், இரண்டு காது, முகத்தைச் சுற்றி வரும் வால். வட்டம் மூன்று வயதிலேயே வந்துவிடும். முக்கோணத்துக்கு ஐந்து வயதாவது ஆக வேண்டும் என்பதால், சின்னவர்களிடம் காதுக்கு இரண்டு சாய்கோடு போதும் என்று சொல்லிவிடுவேன்.

இந்த இடத்தில்தான் பேட் என் பொறுமையைச் சோதிக்கும். முந்திரியை முழுதாக வரைந்துவிட்டு மேலே தலையை வைத்தால், முதுகுக் கோடு கன்னத்துக்குள்ளே ஓடுகிறது. காகிதமென்றால் ரப்பர், சிலேட்டென்றால் எச்சில் தொட்ட விரல் (தொடாதே என்று எத்தனை முறை சொன்னாலும்). இதில் அந்தத் துண்டை மட்டும் அழிக்க வழியே கிடையாது. பட்டனை அமுக்கினால் பூனையே போய்விடும். ஒரு மீசைக்காக முழுப் பூனையையும் பலி கொடுக்கும் பொருளைக் குழந்தைகளுக்கென்று யார் செய்தார்களோ! விலை கூடின சில மாடல்களில் பகுதி பகுதியாக அழிக்கும் வசதி உண்டு. நான் பேசுவது எல்லோரும் வாங்கும் இந்த மலிவு பேடைப் பற்றி.

பட்டனை அமுக்குவது வரைந்த பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. அடுத்து உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு அந்தப் பட்டன்தான் பேடிலேயே பிடித்த பாகம். அப்பா வந்ததும் காட்டலாம் என்று வைத்திருந்த பூனை ஒரு நொடியில் காணாமல் போகும். பின்பக்கம் ஒரு பூட்டு ஸ்விட்ச் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டால் பட்டன் வேலை செய்யாது. தம்பி அதையும் கண்டுபிடித்துவிட்டான். அப்புறம் போனில் படமெடுத்து வைக்கலாமென்றால் திரையில் பாதி இடத்தில் டியூப்லைட்டும் என் மண்டையும்தான் தெரியும்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். அழிக்க முடியாததாலேயே பிள்ளைகள் வரிசையை மாற்றிக்கொண்டார்கள். முன்னால் இருப்பது முதலில்: தலை, பிறகு முகத்தைச் சுற்றி வரும் வால், கடைசியில் உடம்பு. ஒரு காதின் ஓரத்தில் தொடங்கிய கோடு முதுகைச் சுற்றிவந்து வாலின் மேல் முட்டி நிற்கும். எதன் பின்னால் எது ஒளிந்திருக்கிறது என்பதை நான் விளக்கியிருந்தால் ஒரு பிள்ளை காதிலும் ஏறியிருக்காது. இந்தக் கஞ்சப் பேட் அதைக் கற்றுக்கொடுத்துவிட்டது. இப்போது காகிதத்திலும் அவர்கள் தலையில்தான் தொடங்குகிறார்கள்.

கண் விஷயத்திலும் அப்படித்தான். கீழ்ப்பக்கம் தொங்கும் வளைவு போட்டால் பூனை தூங்கும். அதையே கவிழ்த்துப் போட்டால் சிரிக்கும். ஒரே முகத்தில் ஒரு கண் தூங்க, ஒரு கண் சிரிக்க வரைந்துவிட்டு, "பூனை நடிக்குது ஆன்ட்டி" என்றாள் ஒருத்தி. தவறினால் ஒரு அமுக்கில் புதுத் திரை என்பதால் பயமில்லாமல் போட்டுப் பார்க்கிறார்கள். தாளை வீணாக்குகிறாய் என்று யாரும் அதட்டப் போவதில்லை.

பேடால் ஆகாததும் உண்டு. எத்தனை முறை சொன்னாலும் ஒரு பையன் முந்திரிக்குக் கீழே நான்கு கால் போடுவான். குழந்தைகள் கண்ணில் படுவதைவிட மனதுக்குத் தெரிந்ததைத்தான் வரைவார்கள் என்று 1927-லேயே குழந்தைகளின் படங்களை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் லூக்கே எழுதிவிட்டார். அதனால் கீழே கூட்டிப் போய் ஸ்கூட்டர் சீட்டில் தூங்கும் பூனையைக் காட்டினேன். சித்திரை வெயில். பூனை நான்கு காலையும் நீட்டி, வாயைப் பிளந்து மல்லாந்து கிடந்தது. உடம்புச் சூட்டைக் காக்கத்தான் பூனை சுருளும். சென்னை மே மாதத்தில் அதற்கு என்ன அவசியம்? "கால் இருக்கே!" என்றான் அவன். மார்கழியில் மறுபடி காட்டுகிறேன் என்று சொல்லி மேலே வந்துவிட்டேன்.

மல்டி கலர் பேடும் ஒன்று வீட்டில் இருக்கிறது. எங்கே எந்த நிறம் என்பதைத் திரையே முடிவு செய்துவிடும். பச்சைக் காது, ரோஸ் வால். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், எனக்குத் தலைவலி. வளையல் போட்ட கையை அழுத்தி வைத்தால் அதுவும் கோடு விழும், பூனைக்கு வேண்டாத மீசை முளைக்கும்.

கூட வேலை செய்யும் அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னேன் என்றால், வாங்காதே. அந்தக் காசுக்கு ஒரு சிலேட்டு, பலப்பம், கூடவே கொஞ்சம் தாளும் வரும். பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்டாக எப்படியும் ஒரு பேட் வீட்டுக்கு வந்து சேரும். அப்படி வந்தால் முதல் வேலையாக பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் டேப் ஒட்டுவதோடு விடாதே, குழந்தை கையிலேயே கொடுக்காதே. உள்ளே இருக்கும் காசு மாதிரியான வில்லை பேட்டரி தொண்டையில் சிக்கினால் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். எங்கள் பேடில் ஸ்க்ரூ இருக்கிறது. அதைத் திருகத்தான் போன வாரம் கண்ணாடிக் கடைக்காரரிடம் குட்டி ஸ்க்ரூ டிரைவர் கடன் வாங்கினேன்.