பீரியட்ஸை சீராக்கும் சைவ டயட் என்று 14,999 ரூபாய் வாங்கிவிட்டார்கள், இருந்ததும் நின்றுபோனது!

இன்று காலைதான் "ரீஃபண்ட் சாத்தியமில்லை" என்று கடைசி மெயில் வந்தது. 14,999 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெயரைப் போடவில்லை, போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று அவர்களே நாசூக்காகச் சொல்லிவிட்டார்கள். வகையை மட்டும் சொல்கிறேன். ரீல்ஸில் ஆள் பிடித்து, வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்து, "உணவாலேயே நீர்க்கட்டியைக் கரைக்கிறோம், மாதவிடாயை 28 நாளுக்குக் கொண்டுவருகிறோம்" என்று மூன்று மாத பேக்கேஜ் விற்கும் ஆன்லைன் டயட் சென்டர். போனைத் திறந்தால் இப்போது இவர்கள்தான்.

எங்கள் வீட்டில் பரம்பரையாகவே சைவம். பால், தயிர், நெய் எல்லாம் உண்டு. எனக்கு பீரியட்ஸ் முன்பின்னாகத்தான் வரும், ஒரு மாதம் முப்பதில், ஒரு மாதம் நாற்பதைத் தாண்டி. ஸ்கேனில் நீர்க்கட்டி என்று எழுதியிருந்தது. இதுவரை பார்த்த டாக்டர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். இந்த சென்டரிலிருந்து கவுன்சலர் என்று ஒரு அக்கா போன் செய்தார். முக்கால் மணி நேரம் பேசினார். வயசுக்கு வந்தது எப்போது, வலி இடுப்பிலா அடிவயிற்றிலா, கட்டி கட்டியாகப் போகிறதா, மாமியார் வீட்டில் ஏதும் சொல்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நீ சரியாயிடுவம்மா, என் தங்கச்சியா நினைச்சு சொல்றேன்" என்றார். அன்று ராத்திரியே 14,999 ரூபாயை ஜிபேயில் போட்டேன்.

மறுநாள் வந்தது ஒரு பிடிஎஃப். குரூப்பில் இருந்த அத்தனை பேருக்கும் அதே பிடிஎஃப்தான்! காலையில் வெண்பூசணி ஜூஸ், பதினோரு மணிக்குப் பழம், மதியம் முளைகட்டிய பயறும் பச்சைக் காய்கறியும், ஆறு மணிக்குள் ஒரு கிண்ணம் சூப். சாதம், எண்ணெய் தொடக்கூடாது. பால், தயிர் கூடவே கூடாது, ஹார்மோனைக் கெடுக்குமாம். எடை மளமளவென்று இறங்கியது, குரூப்பில் கைதட்டல் எமோஜி பறந்தது. அப்புறம் பீரியட்ஸ் தள்ளிப்போனது. பிறகு வரவே இல்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, மாடிப்படி ஏறினால் படபடப்பு, ஃபேன் காற்றே குளிர்ந்தது. வீட்டில் "விசேஷமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள், அது தனிக் கொடுமை.

குரூப்பில் கேட்டேன். "பாடி ரீசெட் ஆகுது, பொறுமையா இருங்க." மறுபடி கேட்டேன். "உடம்புல கழிவு குறைஞ்சா ரத்தம் போக வேண்டிய அவசியமே இல்லம்மா, நல்ல அறிகுறி." பீரியட்ஸ் வரவைக்கிறேன் என்று 14,999 ரூபாய் வாங்கியவர்கள், வராததே நல்லது என்கிறார்கள்! அந்த அக்காவுக்கு போன் செய்தால் எடுப்பதில்லை. சப்போர்ட்டில் கேட்டபோது ஒரு பையன் சாதாரணமாகச் சொன்னான்: "அவங்க சேல்ஸ் டீம் மேடம், பிளான் பத்தி அவங்களுக்குத் தெரியாது."

சரி என்று வேறு ஒரு மகப்பேறு டாக்டரிடம் போனேன். முதலில் கர்ப்பமா என்று பார்த்தார், பிறகு தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பு), வைட்டமின் பி12. ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஃபெரிட்டினும் பி12ம் அடிமட்டத்தில். ஒரு நாள் சாப்பாட்டைத் தாளில் எழுதச் சொல்லிக் கூட்டிப் பார்த்தார், 900 கலோரிகூடத் தேறவில்லை. உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கே ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சொல்வது 1,660. "சைவத்தைக் குறை சொல்லாதீங்க, நீங்க சாப்பிடவே இல்லையேம்மா" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். சாப்பாடு ரொம்பக் குறைந்தால் மூளையில் ஹைப்போதலாமஸ் அனுப்பும் சிக்னல் மந்தமாகிவிடும், கருமுட்டையை வளர்த்து வெளியேற்றும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்கள் இறங்கும், கருமுட்டை வெளிவராது, பீரியட்ஸ் நின்றுவிடும். பஞ்ச காலத்தில் பிள்ளை வேண்டாம் என்று உடம்பே எடுக்கும் முடிவு. இப்படியே விட்டால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பும் தேயும். வயிறாரச் சாப்பிடும் சைவத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. கவனிக்க வேண்டியது இரும்புச்சத்து. கீரை, பருப்பில் உள்ள இரும்பு உடம்பில் குறைவாகத்தான் சேரும், கூட எலுமிச்சை, நெல்லிக்காய் இருந்தால் கூடுதலாகச் சேரும், சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அதுவும் போச்சு. முட்டை சாப்பிடாத எங்களைப் போன்றவர்களுக்கு பி12 சாப்பாட்டில் கிடைப்பதே பால், தயிரில்தான். அதை நிறுத்தச் சொன்னவர்கள் மாத்திரை போடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னொன்று. நீர்க்கட்டி என்கிறோமே, அது முதிராமல் நின்றுபோன கருமுட்டைப் பைகள்தானாம். கரைக்க அங்கே கட்டியே இல்லை! 28 நாள் கணக்கும் சும்மா, 21 முதல் 35 நாளுக்குள் வந்தால் சரியான சுழற்சிதான். விளம்பரத்தில் "அமெரிக்க ஆராய்ச்சி" என்று போட்டிருந்ததையும் தேடிப் பார்த்தேன். 2000ல் வந்தது, 33 பெண்கள், கொழுப்பு குறைந்த சைவ உணவு, மாதவிடாய் வலி குறைந்ததா என்று பார்த்தது. நின்ற பீரியட்ஸை வரவைப்பது பற்றிய ஆராய்ச்சியே இல்லை அது.

ரீஃபண்ட் கதைக்கு வருகிறேன். "100% மனி பேக்" என்றார்கள். கேட்டதும், தினமும் மூன்று வேளைச் சாப்பாட்டு போட்டோவும் ஏற்றியிருக்க வேண்டும் என்றார்கள். தலைசுற்றிப் படுத்துக்கிடந்த அன்றைக்கு நான் ஏற்றவில்லை, ஆகவே "பிளானை முழுமையாகப் பின்பற்றவில்லை". டாக்டர் சர்டிபிகேட் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். "அலோபதி சர்டிபிகேட் ஏற்கப்படாது" என்று டிக்கெட்டை மூடினார்கள். குரூப்பிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். 14,999 ரூபாயும் போய், டெஸ்டுக்கும் ஊசிக்கும் தனிச் செலவு.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓயவில்லை என்றாலும் பொறுமை ஓய்ந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை கேட்காமல் டயட் தருபவரிடம் பணம் கட்டாதீர்கள். ரீஃபண்ட் விதியை எழுத்தில் வாங்குங்கள். மூன்று மாதம் பீரியட்ஸ் வராவிட்டால் குரூப்பில் கேட்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, நான் புகார் போட்டுவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. அதே குரூப்பில் இருந்தவர்கள் இதைப் படித்தால் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்தே மனு போடலாம். பிடிஎஃப், சாட், பேமென்ட் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.