தைக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று: எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரியா, பக்கத்துக் கிளினிக்கா?

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து பத்து வருடம் ஆகிறது. முதல் ஏழரை வருடத்தில் பெரும்பகுதி கோலாலம்பூரில் ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியின் தொற்றுநோய்ப் பிரிவில் போனது. நடுவில் சில மாதம் தனியார் டாக்டர். இப்போது இரண்டரை வருடமாக, செந்தூலில் வீட்டிலிருந்து மோட்டாரில் ஐந்து நிமிடத்தில் இருக்கும் 'கிளினிக் கெசிஹாத்தான்', அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். மூன்றையும் பார்த்துவிட்டதால் புதிதாகத் தெரிந்துகொண்ட தம்பிமார் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: "எங்கண்ணே போறது?" நான் பக்கத்துக் கிளினிக் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காசு விஷயத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். அரசாங்கத்தில் பொதுவாகக் கிளினிக் என்றால் 1 வெள்ளி (ரிங்கிட்), ஸ்பெஷலிஸ்ட் என்றால் 5 வெள்ளி. முதல்நிலை எச்.ஐ.வி. மருந்துகள் 2006 முதல் குடிமக்களுக்கு இலவசம். தனியாரில் டாக்டர் கட்டணம், ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் நம் பையிலிருந்துதான். எனக்கு வைரல் லோடு (ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை வைரஸ் என்ற கணக்கு) ஒன்றுக்கு மட்டுமே நானூறு வெள்ளிக்கு மேல் ஆனது. கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டைப் புரட்டினால், விலக்குப் பட்டியலில் எச்.ஐ.வி. முதல் சில வரிகளிலேயே இருந்தது.

மருந்தும் எல்லா இடத்திலும் ஒன்றுதான், பரிசோதனையும் ஒன்றுதான். வைரல் லோடு அடங்கி நிலையாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒரு சுற்று: ரத்தம் கொடுக்க ஒரு நாள், இரண்டு மூன்று வாரம் கழித்து டாக்டரைப் பார்க்க ஒரு நாள். டெனொஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறவர்களுக்குக் கிட்னி பார்ப்பார்கள். கொழுப்பு, சர்க்கரை, ஈரல், அவ்வப்போது சிஃபிலிஸ், ஹெப்பட்டைட்டிஸ். அவ்வளவுதான். பிறகு ஏன் போகாமல் இருக்கிறோம்?

உடம்பில் ஒன்றும் இல்லாததால்தான். முதல் வருடம் பயமே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். மூன்றாவது வருடம் பயம் போய்விடும். தினமும் மாத்திரை, வேலை, சம்பளம், எல்லாம் சரியாக ஓடும். நன்றாக இருக்கிற மனிதன் வேலைக்கு லீவு போட்டு, வெறும் வயிற்றோடு போய், ஊசி குத்திக்கொண்டு, "நன்றாக இருக்கிறீர்கள்" என்று கேட்டுவிட்டு வர வேண்டும். இதற்கு ஊக்கம் எங்கிருந்து வரும்? நானும் நண்பர்கள் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். போனில் அலாரம் வைத்தேன், ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்தேன். எல்லாம் ஒழுங்காகப் போகிற ஆளுக்குத்தான் அவை உதவும்.

மோட்டார் வாங்கும்போது நம் ஆட்கள் என்ன கேட்பார்கள்? பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்பதையெல்லாம் விடுங்கள். கெட்டுப்போனால் எந்த ஃபோமன் பார்ப்பான், சாமான் கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள். இதிலும் கேட்க வேண்டியது அதைத்தான். ஒழுங்காகப் போகிற வருடங்களில் மூன்று இடமும் ஒன்றுதான். ஒரு தேதியைத் தவறவிட்டால் என்ன நடக்கிறது? எல்லா வித்தியாசமும் அதில்தான் இருக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் சிகாம்புட்டில் கிடங்கு வேலை, நைட் ஷிஃப்ட். காலையில் வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் படுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கண்ணை மூடினேன். விழித்தபோது மணி மூன்று. மறுநாள் போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது நாள் ஒருவர் எடுத்தார். அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான் என்றார். மருந்துச் சீட்டு அதற்கு முன்பே முடிந்துவிடும். "மருந்துக்கு மட்டும் வரலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் அதுவரை நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, இப்போது போய் நிற்பதற்கு வெட்கம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளிப் பதினோரு நாள் மாத்திரை இல்லாமல் இருந்தேன். கடைசியில் போனபோது கவுண்டரில், பின்னால் வரிசை நிற்க, "இத்தனை நாள் எங்கே போனீர்கள்?" என்று உரக்கக் கேட்டார்கள். தப்பு என்னுடையதுதான். ஆனாலும் அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஆறு வருடமாகக் கண்டுபிடிக்க முடியாத அளவில் இருந்த வைரல் லோடு 2,300க்கு வந்திருந்தது.

எனக்கு அது வெறும் எண் இல்லை. என் மனைவிக்கு எச்.ஐ.வி. கிடையாது. 200க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் உடலுறவு வழியாகப் பரவாது. 2016லும் 2019லும் வெளியான பார்ட்னர் ஆய்வுகளில், அந்த அளவில் இருந்தவர்களிடமிருந்து அவர்களுடைய இணையருக்கு ஒரு தொற்றுகூடப் போகவில்லை. அந்த 200ஐ நம்பித்தான் எங்கள் வீடு ஓடுகிறது. இரண்டு மாதத்தில் எண் மறுபடி அடங்கியது. அந்த இரண்டு மாதம் வீட்டில் பேச்சு குறைந்துபோனது.

அதற்குப் பிறகுதான் டாக்டரே, "நிலையாகிவிட்டால் கிளினிக்குக்கு மாற்றித் தரவா?" என்று கேட்டார். எனக்கு ஒப்பவில்லை. செந்தூலில் நான் பிறந்து வளர்ந்தவன். கிளினிக்கில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு அத்தையும் கோயில் கமிட்டி அண்ணனும் பார்ப்பார்கள். தூரமே பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன்.

அது தலைகீழ் என்று போன பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் நாம் உட்காரும் இடத்துக்கு மேலே பிரிவின் பெயர் பலகையில் எழுதியிருக்கும். கிளினிக்கில் ஒரே கூடம்: ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்குப் பிரஷர், ஒருவர் பிள்ளைக்கு ஊசி போட வந்திருப்பார். அத்தை என்னைப் பார்த்ததும், "உனக்கும் இனிப்பு வந்துருச்சா?" என்று கேட்டார். "ஆமா அத்தே" என்றேன். அந்தப் பொய் பிறகு உண்மையாகிவிட்டது, அதற்கு வருகிறேன். வந்துபோன நேரத்தை எழுதி, வேலையிடத்தில் காட்டத் தரும் டைம் ஸ்லிப்பும் அப்படித்தான். கிளினிக் பெயர் போட்ட சீட்டை எச்.ஆர். பெண் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இப்போது அந்தத் தவறிய தேதிக்கு வருகிறேன். கிளினிக்குக்கு மாறிய முதல் வருடமே ஒரு தேதியை விட்டேன். இந்த முறை தூக்கம் இல்லை, சோம்பல்தான். மறுநாள் காலை பத்து மணிக்கு, கிடங்கில் பெட்டி எண்ணிக்கொண்டிருக்கும்போது கிளினிக் நர்ஸிடமிருந்து போன் வந்தது. நர்ஸை இங்கே மிஸ்ஸி என்போம்.

"தம்பி, கிளினிக்ல இருந்து மிஸ்ஸி பேசுறேன். பேச வசதியா இருக்கா?"

வெளியே வந்தேன். வரும் வழியிலேயே பொய்யைத் தயார் செய்துவிட்டேன். "மிஸ்ஸி, திடீர்னு ஈப்போவுக்குப் போக வேண்டியதா..."

"அதெல்லாம் வேணாம் தம்பி. வீட்டுல மருந்து எத்தனை நாளைக்கு இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க."

எண்ணிப் பார்க்காமல் பத்து என்றேன். "சரி, வர்ற புதன்கிழமை எட்டரைக்கு வாங்க. அன்னிக்கு டாக்டர்கிட்ட கூட்டம் குறைவு." அவ்வளவுதான். நோயின் பெயர் வரவில்லை, ஏன் வரவில்லை என்ற கேள்வியும் வரவில்லை. வீட்டுக்குப் போய் எண்ணினால் ஒன்பது இருந்தது.

ஊக்கம் ஊக்கம் என்று எல்லோரும் பேசுவதில் எனக்கு உபயோகப்பட்டது இந்த ஒரு போன்தான். தவறவிட்ட மனிதனுக்கு முதல் தடை தூரம் இல்லை, திரும்பி வரும்போது என்ன முகத்தோடு வருவது என்பதுதான். காரணம் கேட்காமல் கணக்கை மட்டும் கேட்டால் அந்தத் தடை போய்விடுகிறது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றதைக் கேளுங்கள், கேட்காமல் போங்கள், "நான் வரவில்லை என்றால் யார் கூப்பிடுவார்கள்?" என்பதை மட்டும் கட்டாயம் கேளுங்கள்.

தனியார் டாக்டரிடம் போவதை நான் நிறுத்தியதும் இதனால்தான். அறை குளுகுளுவென்று இருந்தது, காத்திருப்பு கிடையாது, மனிதரும் தங்கமானவர். ஆனால் ஒரு தேதிக்குப் போகவில்லை, இரண்டாவதற்கும் போகவில்லை, ஒரு சத்தமும் இல்லை. கடைக்கு வராத வாடிக்கையாளரைக் கடைக்காரர் தேடுவாரா? ஒரு டாக்டரை வைத்து எல்லாரையும் எடைபோடக் கூடாது. தேடிக் கூப்பிடும் தனியார் டாக்டர்களும் இருக்கலாம்.

சர்க்கரை கதை. கம்பெனி பேனல் கிளினிக்கில் சர்க்கரை அதிகம் என்று மெட்ஃபார்மின் 850 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு எச்.ஐ.வி. மருந்து போவதை நான் அங்கே சொல்லவில்லை. அதே சமயத்தில் செந்தூலில் என் மருந்து எஃபாவிரென்ஸிலிருந்து டோலுடெக்ராவிருக்கு மாறியிருந்தது. (மாறியதில் ஒரு நிம்மதி: எஃபாவிரென்ஸ் சாப்பிட்ட வருடங்களில் செத்துப்போன தாத்தா வாரம் ஒருமுறை கனவில் வந்து பால்மரம் சீவக் கூப்பிடுவார்.) டோலுடெக்ராவிர் உடம்பில் மெட்ஃபார்மின் அளவைக் கூட்டிவிடும். அதனால் சேர்த்துக் கொடுக்கும்போது பொதுவாக நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போக மாட்டார்கள். கிளினிக்கில் சர்க்கரையையும் எச்.ஐ.வி.யையும் ஒரே டாக்டர், ஒரே ஃபைலில் பார்ப்பதால் அன்றே பிடித்தார், 500 வீதம் இரண்டு வேளை என்று குறைத்தார். வயிற்றுப் புளிப்புக்கு மருந்து குடித்தால் டோலுடெக்ராவிரை அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும் என்பதையும் அன்றுதான் கேட்டுக்கொண்டேன். கொழுப்பு மாத்திரை பற்றியும் அவர்தான் பேச்செடுத்தார். எச்.ஐ.வி. உள்ள 7,700க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2023ல் வெளியான ரிப்ரீவ் ஆய்வில், பிட்டாவஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. இனி நம்மைச் சாய்க்கப் போவது வைரஸ் இல்லை, சர்க்கரையும் இதயமும்தான் என்ற பேச்சு என்னை வரவைக்கிறது. வைரஸ் பயம் தேய்ந்துவிட்டது, இந்தப் பயம் புதுசு.

பெரிய ஆஸ்பத்திரியையும் சும்மா தள்ளிவிடக் கூடாது. மருந்து எடுபடாமல் போனவர்கள், காசநோயும் சேர்ந்தவர்கள், ஆரம்பத்திலேயே சிடி4 (எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை) மிகக் குறைந்து வந்தவர்கள் அங்கேதான் இருக்க வேண்டும். என் உயிரைக் காப்பாற்றியதும் அந்த இடம்தான். மலேசிய எய்ட்ஸ் கவுன்சில் வழியாகச் சில ஆஸ்பத்திரிகளில் இதே நோயோடு வாழ்கிற சக துணைவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அது என் கிளினிக்கில் இல்லை. பேச ஆள் வேண்டும் என்றால் கோலாலம்பூரில் 1987 முதல் பிடி ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. கர்ப்பிணிகள், பிள்ளைகள் விஷயத்தில் நான் வாய் திறக்கவில்லை, எனக்கு அனுபவம் கிடையாது. கிளினிக் பக்கமும் என் கணக்கு இரண்டரை வருடம்தான். அந்த மிஸ்ஸி மாற்றலாகிப் போனால் இதே மாதிரி எழுதுவேனா என்பது சந்தேகம்தான்.

அப்புறம், தேதி. அட்டையில் டி.சி.ஏ. (மறுபடி வர வேண்டிய நாள்) என்று போட்டுத் தேதி எழுதித் தருவார்கள், அது எனக்கு நினைவில் நிற்பதே இல்லை. அதனால் மிஸ்ஸியிடம் கேட்டு ஒரு சுற்றைத் தைப்பூசம் முடிந்த வாரத்துக்கும் ஒரு சுற்றை ஆடிக்கும் மாற்றிக்கொண்டேன். தைக்கும் ஆடிக்கும் சரியாக ஆறு மாதம். பத்துமலைக்குக் காவடி பார்க்கப் போன கால்வலி போகுமுன்னே ரத்தம் கொடுத்துவிடுவேன். இதில் ஒரு திருட்டுத்தனமும் உண்டு: விரதம் இருந்த கையோடு கொடுப்பதால் தை மாதத்துக் கொழுப்பும் சர்க்கரையும் பரீட்சைக்குப் படித்த பையன் மாதிரி அழகாக இருக்கும். ஆடியில்தான் வண்டவாளம் வெளியே வரும். டாக்டருக்கு இது தெரியும், ஆடி ரிப்போர்ட்டைத்தான் அவர் உற்றுப் பார்ப்பார்.

மாற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எல்லாக் கிளினிக்கிலும் இது கிடையாது. குடும்ப மருத்துவ ஸ்பெஷலிஸ்ட் இருந்து, எச்.ஐ.வி. பார்க்கிற கிளினிக்காக இருக்க வேண்டும். இப்போது பார்க்கும் டாக்டரிடம் சூராட் ருஜுக்கான் என்ற பரிந்துரைக் கடிதமும் கடைசி இரண்டு வைரல் லோடு ரிப்போர்ட்டும் வாங்குங்கள். கடிதம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் அந்த இடைவெளியில்தான் மருந்து தீரும். கூடுதலாக ஒரு மாத மருந்து கேட்டு வாங்கிய பிறகே மாறுங்கள்.

போன ஆடியில் ரத்தம் கொடுத்துவிட்டு எதிர்க் கடையில் பசியாற உட்கார்ந்தேன். ஒரு ரொட்டி சானாய், தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்). நான் சொல்லாமலே கடைக்காரர் சீனியை விட்டுவிடுவார், அவருக்கும் அத்தை சொல்லியிருப்பார் போல. டியூட்டிக்கு வந்துகொண்டிருந்த மிஸ்ஸி கடை வாசலில் நின்றார்.

"எத்தனை?" என்றார்.

"பதினேழு மிஸ்ஸி. காலையில எண்ணிட்டுத்தான் வந்தேன்."