படிவமா, வாட்ஸ்அப் பட்டனா, நேரடிப் பேமென்ட்டா?

காரைக்குடி கண்டாங்கிச் சேலையை ஆன்லைனில் விற்கிறீர்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு, பெயருக்கே மதிப்பு உண்டு. ஆனாலும் விளம்பரத்தைத் தட்டி உங்கள் லேண்டிங் பேஜுக்கு, அதாவது விளம்பரம் கொண்டுவிடும் இணையப் பக்கத்துக்கு, வருபவருக்கு ஆயிரம் சந்தேகம். போட்டோவில் தெரிகிற அரக்கு நேரிலும் இதே அரக்கா? முதல் சலவையில் சாயம் போகுமா? பிளவுஸ் துணி சேர்ந்து வருமா?

அந்தப் பக்கத்தில் எதை வைப்பது என்பதுதான் கேள்வி. படிவம் இதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை. பெயர், போன், மின்னஞ்சல், ஊர் என்று வாங்கிக்கொண்டு ‘விரைவில் தொடர்புகொள்வோம்’ என்கிறது. மறுநாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பலரும் எடுப்பதில்லை. அதற்குள் ஆசையும் ஆறிவிடும். வீட்டுக்கடன், சோலார் பேனல் மாதிரி, ஆள் கூப்பிட்டுப் பேசியே ஆகவேண்டிய வியாபாரத்துக்குப் படிவம் சரி.

சேலைக்கு என் ஓட்டு வாட்ஸ்அப்புக்குத்தான். கேட்ட நிமிடமே சேலையை வெயிலில் விரித்து வீடியோ எடுத்து அனுப்பலாம். நிறச் சந்தேகத்தைத் தீர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் படிவம் முந்துகிறது. எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்பதை அது மறைவாகக் குறித்துக்கொள்ளும். சாதாரண வாட்ஸ்அப் பட்டனில் அது தொலைந்துவிடும். இதைச் சரிக்கட்டலாம். வாட்ஸ்அப் லிங்க்கிலேயே முதல் செய்தியை எழுதிவைக்க முடியும். இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு ஒரு லேண்டிங் பேஜ், கூகுள் விளம்பரத்துக்கு இன்னொன்று என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் வேறு வாசகம் வையுங்கள். வரும் செய்தியைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

நேரடிப் பேமென்ட் பழைய வாடிக்கையாளருக்கு அருமை. யூபிஐயில் ஒரு நிமிட வேலை. முன்பின் தெரியாத கடைக்கு எடுத்த எடுப்பில் மூவாயிரம் ரூபாய் அனுப்பச் சொன்னால் தயங்கத்தான் செய்வார்கள்.

வாட்ஸ்அப்பை நம்புகிறவர்களும் விலையை லேண்டிங் பேஜிலேயே போட்டுவிட வேண்டும். ‘விலைக்கு மெசேஜ் பண்ணுங்க’ என்ற பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்களால் இன்பாக்ஸ் நிரம்பி, உண்மையில் வாங்க வந்தவர் காத்திருப்பார்.

அப்புறம், பதில் சொல்ல ஆள் வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் தானாகப் போகும் வாழ்த்துச் செய்தி, சாயம் போகுமா என்ற கேள்விக்குப் பதிலாகாது. இரவில் ஆள் இல்லையென்றால் இரவில் விளம்பரம் ஓடவேண்டாம். மெட்டாவில் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில்) தினசரி பட்ஜெட்டுக்குப் பதில், விளம்பரம் ஓடும் எல்லா நாளுக்கும் சேர்த்து மொத்த பட்ஜெட் வைத்தால், ஓடும் நேரத்தை நீங்களே குறிக்கலாம்.