பெட்டைக் குட்டிக்குக் கருத்தடை: மருத்துவமனையை அது தரும் தேதியை வைத்து எடைபோடுங்கள்

சின்ன இனப் பெட்டை நாய்க்குட்டிக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய சென்னையில் மூன்று வகை இடங்கள் உண்டு: வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, தனியார் கிளினிக், தெருநாய்களுக்கான கருத்தடை மையம். கட்டணம், ஏசி அறை எல்லாம் அப்புறம். "எப்போது கூட்டி வரலாம்?" என்று கேட்டதும் வரும் பதிலுக்குத்தான் முதல் மதிப்பெண். "நாளைக்கே வாங்க" என்றால் அந்த இடம் தேறாது. வயது, எடை, தடுப்பூசி, ஹீட் (ரத்தம் கசியும் சினைப்பருவம்) வந்ததா, வந்திருந்தால் எந்தத் தேதியில் என்று விசாரித்துவிட்டு நாள் குறிக்கும் இடமே நல்ல இடம்.

பொமரேனியன், சிட்சு, பக் போன்ற இனங்களுக்கு முதல் ஹீட் பெரும்பாலும் 6 முதல் 9 மாதத்துக்குள் வரும். சிலவற்றுக்கு ஐந்தாம் மாதமே வந்துவிடும். வளர்ந்த பிறகும் 20 கிலோவைத் தாண்டாத இனங்களுக்கு 5–6 மாதத்தில், முதல் ஹீட்டுக்கு முன்பே செய்யச் சொல்கிறது அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கத்தின் வழிகாட்டுதல். எங்கள் கருத்தும் அதுதான். சீக்கிரம் செய்தால் மூட்டுக் கோளாறு வரும், சிறுநீர் ஒழுகும் என்ற பயம் பெரிய இனங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

மார்பகக் கட்டி பற்றி 0.5, 8, 26 சதவீதம் என்று மூன்று எண்களை எல்லா இடத்திலும் சொல்வார்கள். 1969இல் வந்த ஆய்வின் எண்கள் அவை. முதல் ஹீட்டுக்கு முன், ஒரு ஹீட்டுக்குப் பின், இரண்டு ஹீட்டுக்குப் பின் செய்தால், கருத்தடை செய்யாத நாய்க்கு இருக்கும் அபாயத்தில் முறையே இத்தனை பங்கு என்பதே பொருள். நூறு நாயில் 26 நாய்க்குக் கட்டி வரும் என்பதல்ல. அந்தச் சான்று வலுவானதல்ல என்று 2012இல் வந்த மறுபரிசீலனை சொன்னது. இதையும் சேர்த்துச் சொல்லும் டாக்டரை நம்பலாம். கட்டி பற்றிய பேச்சை ஒதுக்கி வைத்தாலும் கருப்பைச் சீழ் என்ற காரணம் ஒன்றே போதும். கருத்தடை செய்யாத பெட்டைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு 10 வயதுக்குள் அது வருகிறது என்கின்றன ஸ்வீடன் நாட்டுக் காப்பீட்டுத் தரவுகள். ஹீட் முடிந்து சில வாரத்தில் நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்து, வாந்தி எடுத்து, சோர்ந்து படுத்தால் அன்றைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும். சீழ் வெளியே வரவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள். உள்ளேயே தேங்குவதுதான் மோசம்.

எல்லாக் குட்டிக்கும் ஆறு மாதம் என்று சொல்லும் இடத்தையும் கேள்வி கேளுங்கள். டாஷண்டில் 12 மாதத்துக்கு முன் கருத்தடை செய்த பெட்டைகளுக்கு முதுகெலும்பு வட்டு (டிஸ்க்) நழுவுவது அதிகம் என்று 2018 ஆய்வு ஒன்று காட்டியது. அந்த இனத்துக்கு ஒரு வருடம் தாண்டட்டும். பிறப்புறுப்பு உள்ளே மடிந்திருந்து அடிக்கடி புண்ணாகும் குட்டிக்கு ஒரு ஹீட் வந்து போகட்டும், உறுப்பு சற்று வளரும். ஹீட் வந்துவிட்டதென்றால் முடிந்ததிலிருந்து இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ஹீட்டின்போது ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும். அது முடிந்த கையோடு செய்தால் பொய்ச்சினை (சினையாகாமலே சினை அறிகுறி) வந்து மடியில் பால் கட்டலாம். ஆரம்ப ரத்தத்தைக் குட்டி நக்கிவிடுவதால் பலருக்குத் தெரிவதே இல்லை. ஐந்தாம் மாதத்திலிருந்து படுக்கையில் வெள்ளைத் துணி விரியுங்கள்.

நம் ஊரில் விட்டுவிடவே கூடாதது ரத்தப் பரிசோதனை. உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் பிளேட்லெட்டைக் குறைத்து வைத்திருக்கும், ஆபரேஷன் மேஜையில் ரத்தம் நிற்காது. மெஷின் எண் குறைவாகக் காட்டினால் ரத்தத்தை ஸ்லைடில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்யும் இடத்துக்குக் கூடுதல் மதிப்பெண். ராத்திரி முழுக்கப் பட்டினி போடச் சொல்லும் இடத்துக்குக் கழித்தல். இரண்டு கிலோ குட்டிக்கு அதனால் சர்க்கரை இறங்கும். மூன்று நான்கு மணி நேர இடைவெளி போதும், முதல் கேஸாக எடுக்கச் சொல்லுங்கள். மூச்சுக்குழாயில் டியூப், வாயு மயக்கம், கையில் ஊசி லைன், அடியில் சூட்டு விரிப்பு நான்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். பால் கோரைப்பல் விழாமல் புதுப்பல்லோடு ஒட்டி நின்றால் அதே மயக்கத்தில் பிடுங்கிவிடலாம். தொப்புள் குடலிறக்கத்தையும் தைத்துவிடலாம். இதைத் தாங்களே முன்வந்து சொல்பவர்கள் குட்டியை முழுதாகப் பார்த்தவர்கள்.

வேப்பேரியில் அறுவை சிகிச்சை, மகப்பேறு, ஆய்வகம் எல்லாம் ஒரே வளாகத்தில். செலவு குறைவு, காத்திருக்கப் பொறுமை வேண்டும். மூக்கு சப்பையான பக்குக்கும் சிட்சுவுக்கும் இப்படிப் பல துறை பக்கத்தில் இருப்பது பெரிய பலம். வாயு மயக்கம் உள்ள தனியார் கிளினிக்கும் சமமாக நல்லது. தெருநாய் மையத்தின் கைகள் வேகமும் திறமையும் உள்ளவை. ஆனால் அந்த ஏற்பாடு மூன்று கிலோ வீட்டுக் குட்டிக்கானதல்ல.

வீட்டுக்கு வந்தபின் 10–14 நாள் கழுத்துக் கூம்பு. அதன் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு விரல் நீள வேண்டும். குட்டையாக இருந்தால் கழுத்தை வளைத்துத் தையலை எட்டிவிடும். துணிச்சட்டை நம் வெயிலில் சூட்டையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும், தினம் இரண்டு மாற்றுச் சட்டை இல்லாமல் வாங்காதீர்கள். காலை மாலை தையலைப் பாருங்கள். ஓரம் இளஞ்சிவப்பாக, காய்ந்து ஒட்டியிருந்தால் சரி. பிசுபிசுப்பு, நாற்றம், பட்டாணி அளவுக்கு மேல் மெத்தென்ற வீக்கம் இருந்தால் அன்றே போங்கள். வலிக்கு டாக்டர் எழுதியது மட்டும். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் கொடுக்கவே கூடாது. தையல் பிரித்ததும் சாப்பாட்டை நான்கில் ஒரு பங்கு குறைத்து, மாதம் ஒருமுறை எடை பாருங்கள். பிறகு எப்போதாவது ஹீட் அறிகுறி திரும்பினால் சினைப்பைத் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். அதனால்தான் வெளியே எடுத்ததில் இரண்டு சினைப்பையும் இருக்கிறதா என்று அன்றே காட்டச் சொல்வது நல்லது.